தவிட்டுக்கு வாங்கிய அண்ணன்

செத்துப்போன அம்மாவின் குரலை நான் மறுபடி கேட்டது ஒரு மத்தியான வேளையில். அடுப்படியில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். வெளியே பனி இறங்கிவிட்டது. செண்பகனூரில் அது நேரம் காலம் பார்த்து வருவதில்லை. வந்தால் பின்பக்கத்துப் பேரி மரம்கூடக் கண்ணுக்குத் தெரியாது. அந்த வெள்ளைக்குள்ளிருந்து குரல் வந்தது.

“ஏலே, பனி எறங்குதுல்ல... உள்ள வா சாமி. வெரசா வா.”

‘எறங்குதுல்ல’வுக்கும் ‘உள்ள வா’வுக்கும் நடுவில் ஒரு இழுப்பு. அம்மாவுக்கு ஆஸ்துமா. பனிக்காலத்தில் வார்த்தைக்கு வார்த்தை மூச்சு சீட்டியடிக்கும். அந்தச் சீட்டி அப்படியே வந்தது. பேய்க்குப் பயப்படுகிற ஆள் நான் இல்லை. தபால் ஆபீஸ் கவுண்டரில் உட்கார்ந்தே காலத்தை ஓட்டியவளுக்கு மனிதர்களைக் கண்டுதான் பயம். ஆனாலும் அன்றைக்கு உரித்த பூண்டைக் குப்பையிலும் தொலியைக் கிண்ணத்திலும் போட்டேன்.

எப்படியோ கதவைத் திறந்து போய்ப் பார்த்தேன். மரத்தடியில் குந்த வைத்து உட்கார்ந்து, பக்கத்து வீட்டுப் பூனையைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார் என் வீட்டில் வாடகைக்குத் தங்கியிருந்த வெள்ளைக்காரர்.

விருப்ப ஓய்வு வாங்கிய பிறகு வீட்டின் மாடியில் இரண்டு அறைகளைச் சுற்றுலா வருகிறவர்களுக்கு விட்டிருந்தேன். அவர் வந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. அறுபதைத் தாண்டியவர், ஒல்லி, சட்டைப் பித்தானைக் கழுத்துவரை போடுகிறவர். அதுவரை என்னிடம் ஆங்கிலத்தில்தான் பேசினார். வெளிநாட்டுக்காரர் தங்கினால் உடனே அரசாங்கத்திடம் ஆன்லைனில் பதிய வேண்டும் என்பது சட்டம். “பதிய வேண்டாம், நான் வெளிநாட்டுக்காரன் இல்லை” என்று ஆங்கிலத்தில் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துவிட்டு அன்றைக்கே பதிந்துவிட்டேன். பழக்கதோஷம்.

“யாருங்க நீங்க?” என்றேன் பனிக்குள் நின்று.

எழுந்து என் பக்கம் திரும்பினார். “தெரியலையா தாயி? ஒங்க அம்மா தவிட்டுக்கு வாங்குன புள்ள நான்.”

உடனே விளங்கிவிட்டது. மேல்மலையில் எங்கள் பூண்டி ஊரில் அந்த வழக்கம் உண்டு. ஒரு வீட்டில் பிள்ளைகள் பிறந்து பிறந்து செத்தால், அடுத்து பிறக்கிற பிள்ளையை இன்னொருத்தி ஒரு படி தவிடு கொடுத்து வாங்கிக்கொள்வாள். எமன் வந்து கேட்டால், இது இந்த வீட்டுப் பிள்ளையே இல்லை என்று சொல்லிவிடலாம். தபால் ஆபீஸ் பாஷையில் சொன்னால், அப்படி ஒரு விலாசதாரர் இங்கே இல்லை என்று எழுதித் திருப்பி அனுப்புவது. பிள்ளை வளர்ந்து தேறியதும், பெற்றவர்கள், அவர்கள் இல்லாவிட்டால் அந்தப் பிள்ளையே, அதே ஒரு படி தவிட்டை வாங்கினவளின் முறத்தில் கொட்டி மீட்டுக்கொள்ள வேண்டும். கொட்டாதவரை பிள்ளை அவளுடையது.

என் அம்மா கொடைக்கானலில் ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார் பங்களாவில் ஆயாவாக இருந்தாள். அந்தத் துரைசானிக்கு இரண்டு குழந்தைகள் போய்விட்டன. மூன்றாவதும் பால் தரிக்காமல் துவண்டது. அம்மா பூண்டிக்குப் போய் ஒரு படி தவிடு கொண்டுவந்து கொடுத்து, பிள்ளையை வாங்கிக்கொண்டாள். துரைசானிக்கு அதில் நம்பிக்கை இருந்ததா என்று தெரியாது. பெற்ற வயிறு, வேண்டாம் என்று சொல்லவில்லை. பையன் பிழைத்து, பன்னிரண்டு வயதுவரை அம்மாவின் இடுப்பிலும் முந்தானையிலும் வளர்ந்தான். பிறகு திடீரென்று அவர்கள் சொந்த நாட்டுக்குப் போய்விட்டார்கள். போகிற அவசரத்தில் தவிட்டை யாரும் திருப்பிக் கொட்டவில்லை. “தவிடு திரும்பலையே, அவன் இன்னும் எம்புள்ளதான்” என்று அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

நான் அந்த வீட்டுக்குள் போனதே இல்லை. என்னைப் பூண்டியில் அத்தை வீட்டில் போட்டுவிட்டு அம்மா பங்களாவில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவாள். வந்தாலும் பாதிப் பேச்சு அவனைப் பற்றித்தான் இருக்கும். அவனை நான் பார்க்காமலே வெறுத்தேன் என்பதை மறைப்பானேன்.

இப்போது அவர் வந்து, என் அம்மாவின் வாயால் பேசுகிறார். தமிழ் தெரிந்த வெள்ளைக்காரர்கள் கொடைக்கானலில் புதிதில்லை. இது அப்படிப்பட்ட தமிழ் இல்லை. ஒரு மனுஷியிடமிருந்து மட்டும் கற்றது. அவள் எங்கே நிறுத்துவாளோ அங்கே நிறுத்தினார், எங்கே இழுப்பாளோ அங்கே இழுத்தார். நோய் இல்லாத நெஞ்சிலிருந்து அந்த இழுப்பு எப்படி வருகிறது என்று கேட்டேன். “இழுக்காம எப்பிடிப் பேசுறது?” என்று திருப்பிக் கேட்டார். தமிழ் என்றால் அப்படித்தான் என்றே நினைத்திருக்கிறார்.

முதலில் உடம்பு சிலிர்த்தது. அப்புறம், என்ன வெட்கம், அது வேண்டும்போல் ஆகிவிட்டது. வெள்ளனே எழுந்து அடுப்படிக்கு வந்து உட்கார்ந்துகொள்வார். கேரட் சீவித் தருவார், மாட்டுக்குத் தவிடு கரைத்து வைப்பார். நான் முதுகைத் திருப்பிக்கொண்டு அடுப்பைப் பார்த்தபடி நிற்பேன். “உப்புப் பாத்துப் போடு தாயி”, “கைய சுட்டுக்காத.” எனக்குச் சமையல் சொல்லிக்கொடுக்க அம்மாவுக்கு நேரம் இருந்ததில்லை. ஐம்பத்தெட்டு வயதில் அம்மாவிடம் ரசம் வைக்கக் கற்றுக்கொண்டேன். திரும்பிப் பார்த்தால் நீலக் கண்கள் தெரியும், அதனால் திரும்புவதில்லை. எப்போது அவரை அண்ணே என்று கூப்பிட ஆரம்பித்தேன் என்று நினைவில்லை.

ஒருநாள் கேட்டேன். “அம்மா என்னையப் பத்தி ஒங்ககிட்ட ஏதாச்சும் சொல்லுமாண்ணே?”

யோசித்தார். “ஊர்ல ஒரு புள்ள கெடக்குன்னு சொல்லும்” என்றார்.

அவ்வளவுதான். அன்று முழுக்க நான் பாத்திரங்களை ஓங்கி ஓங்கி வைத்தேன்.

இப்படி இருக்கும்போதுதான் கழுத்தில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு டவுனிலிருந்து வக்கீல் வந்தார். அவரை ஏற்பாடு செய்ததே என் அண்ணன்தான் என்று அப்போதுதான் தெரிந்தது. அண்ணன் ஏரிப்பக்கம் நடக்கப் போயிருந்த நேரம்.

“அவர் மேல அவங்க நாட்டுல வாரண்ட் இருக்கும்மா. அது வர்றதுக்கு முன்னாடியே ஃபிளைட் ஏறி இங்க வந்துட்டாரு. நீங்க பதிஞ்சீங்கல்ல, அதை வச்சு ஆள் எங்க இருக்காருன்னு கண்டுபிடிச்சுட்டாங்க. நாளன்னிக்கு டெல்லியிலேர்ந்து ஆபீசருங்க வர்றாங்க.”

“என்ன வாரண்டுங்க?”

வக்கீல் காபி டம்ளரைச் சுற்றினார். “மனைவி ரெண்டு வருஷமா காணலை. இப்ப வீட்டுத் தோட்டத்துல எலும்பு கெடைச்சிருக்கு. குற்றச்சாட்டுதாம்மா, புரூவ் ஆகலை. அதை இங்க யாரும் விசாரிக்கவும் மாட்டாங்க. டெல்லி கோர்ட்டுல ஒண்ணுதான் பார்ப்பாங்க, இவரை அனுப்பி வைக்க முகாந்திரம் இருக்கா இல்லையா.”

பிறகு சட்டத்தைச் சொன்னார். அந்த நாட்டோடு நாம் போட்ட ஒப்பந்தத்தில், தன் சொந்தக் குடிமகனை இன்னொரு நாட்டிடம் ஒப்படைக்க வேண்டியதில்லை என்று ஒரு ஷரத்து இருக்கிறதாம். அண்ணன் பிறந்த காலத்தில் இந்த மண்ணில் பிறந்தாலே இந்தியக் குடிமகன். பெற்றவர்கள் எந்த நாட்டுக்காரர்கள் என்று யாரும் பார்க்கவில்லை. இங்கே பிறந்தவர், நம்மவர், அனுப்பாதீர்கள் என்று கேட்கப் போகிறார்கள்.

“ஆனா கையில வேற நாட்டு பாஸ்போர்ட்தான வச்சிருக்காரு?” என்றேன். எத்தனை பாஸ்போர்ட் கவர் பார்த்த கை இது.

“அதான் வீக் பாயிண்ட். வேற நாட்டு பாஸ்போர்ட் வாங்கினா நம்ம குடியுரிமை போச்சுன்னு அவங்க வாதாடுவாங்க. நாம, சின்னப் பையனா இருக்கறப்ப அப்பா அம்மா எடுத்தது, அவரா விரும்பி எடுக்கலைன்னு சொல்லணும். ஆனா அதுக்கு முன்னாடி, இங்க பொறந்த குழந்தை இவருதானான்னே கேப்பாங்க. பேரையும் மாத்திட்டாரு. பிரசவம் ஆன ஆஸ்பத்திரி இப்ப இல்லை. அந்தக் காலத்து ஆளுங்கள்ல உயிரோட இருக்கறது நீங்க ஒருத்தர்தாம்மா. ‘இவர்தான் அந்தப் பையன், இன்னிக்கும் எங்க குடும்பம்’னு நீங்க சொன்னா போதும், கேஸை ஸ்ட்ராங்கா கொண்டு போயிடுவேன். அவர் பேசற தமிழைக் கேட்டா எந்த மாஜிஸ்திரேட்டும் அசந்துருவாரு.”

வக்கீல் போன பிறகு வெகுநேரம் அடுப்பை மூட்டாமல் உட்கார்ந்திருந்தேன். என் ஒரு வார்த்தையில் ஒரு மனிதனின் கழுத்து தொங்குகிறது. அந்தக் கழுத்துக்குள்தான் என் அம்மாவின் குரலும் இருக்கிறது. ஆமாம் என்று சொன்னால் இரண்டும் என் அடுப்படியில் தங்கும். கொலைகாரனோ இல்லையோ, அது இருந்துவிட்டுப் போகட்டும் என்று மனது சொன்னது. அந்த நினைப்பு வந்ததும் எனக்கே என்னைக் கண்டு பயமாக இருந்தது.

அண்ணன் திரும்பி வந்து, கத்தியை எடுத்துக்கொண்டு கேரட் சீவ உட்கார்ந்தார். சுற்றி வளைத்துப் பேச எனக்குத் தெரியாது.

“ஒங்க சம்சாரத்த நீங்கதான் கொன்னீங்களா?”

சீவுகிற சத்தம் நிற்கவில்லை. ஒரு கேரட் முடிந்து அடுத்ததை எடுத்தார். அப்புறம் குரல் வந்தது. அவர் குரல் இல்லை. இத்தனை நாள் கேட்டதைவிடவும் அச்சு அசலாக அம்மா.

“நான் இருக்கேன்ல சாமி... ஒன்னைய யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க.”

அன்றைக்குத்தான் துணிந்து திரும்பினேன். அவர் முகத்தில் ஒரு சின்னப் பிள்ளையின் சிரிப்பு இருந்தது.

“அம்மா எனக்கு இப்பிடித்தான் சொல்லுச்சு” என்றார். “பங்களா நாயி அஞ்சு குட்டி போட்டுச்சு. நான் எல்லாத்தையும் தண்ணித் தொட்டியில போட்டேன். எதுக்குப் போட்டேன்னு தெரியல. ஒண்ணொண்ணா போட்டேன். அம்மாதான் அள்ளிட்டுப் போயி பொதைச்சுச்சு. சிறுத்தை வந்து தூக்கிருச்சுன்னு அப்பாகிட்ட சொல்லிருச்சு. என்னைய மடியில வச்சுக்கிட்டு, நான் இருக்கேன்ல சாமின்னு சொல்லுச்சு. யாரும் கேக்கவே இல்ல.”

அந்தச் சிறுத்தையை எனக்கு நன்றாகத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை வரும்போதெல்லாம் அம்மா எனக்குச் சொன்ன ஒரே கதை அதுதான். சத்தமே இல்லாமல் வந்து, அஞ்சு குட்டியையும் தூக்கிக்கொண்டு போன சிறுத்தை. அதற்குப் பயந்து, அத்தை வீட்டுக் கதவில் உலக்கையைச் சாத்திவிட்டுத்தான் நான் படுப்பேன். இன்றைக்கு அது என் அடுப்படி முக்காலியில் உட்கார்ந்து கேரட் சீவிக்கொண்டிருந்தது.

அம்மா மேல் எனக்கு வந்த கோபத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது. பெற்ற பிள்ளைக்குச் சிறுத்தையைக் கொடுத்தாய். வாங்கின பிள்ளைக்கு மடியைக் கொடுத்தாய். இப்போது அவன் செய்ததற்கும் மடி தேடி வந்திருக்கிறான். நீ இல்லை, அதனால் என் மடி.

அவர்தான் அந்தப் பையன் என்பது உண்மை. தெரியாது என்று பொய் சொல்ல என் நாக்கு எழாது. ஆனால் இன்னும் எங்கள் குடும்பம் என்பது? அது தவிடு திரும்பாததால் வந்த உறவு. அவருக்குச் சட்டத்தில் ஒரு ஷரத்து இருந்தால், எங்கள் ஊர்ச் சட்டத்தில் எனக்கும் ஒன்று இருக்கிறது என்று தோன்றியது. கோபத்தில் வருகிற புத்தி எப்போதும் கூர்மையாகத்தான் இருக்கும்.

மறுநாள் சாயங்காலம், மாட்டுக்கு வைக்கிற நேரம், அம்மாவின் பழைய முறத்தை எடுத்துக்கொண்டு கொட்டிலுக்குப் போனேன். அவர் வழக்கம்போல் தவிட்டை ஒரு படி அளந்து கையில் வைத்துக்கொண்டு நின்றார். பனி கொட்டிலுக்குள்ளும் வந்திருந்தது.

“தவிட்டுல ஒரே கல்லா கெடக்கு, பொடைச்சுட்டு வைப்போம். இதுல கொட்டுங்கண்ணே” என்று முறத்தை நீட்டினேன்.

கொட்டினார். பாதிவரை சாதாரணமாகத்தான் கொட்டினார். பிறகு என் முகத்தையும் முறத்தையும் பார்த்தார். கையை நிமிர்த்தப் பார்த்தார். தவிடு நிற்கவில்லை, படி காலியாகிவிட்டது.

“வேணாம் தாயி...” என்றார். அந்த இழுப்பு நீண்டு, பாதியில் அறுந்தது.

“தவிடு வந்து சேந்துருச்சு” என்றேன். எங்கள் ஊரில் அப்போது சொல்கிற வார்த்தை அதுதான். “புள்ள இனிமே பெத்தவங்க புள்ள.”

வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. மாடு முறத்தை நோக்கிக் கழுத்தை நீட்டியது. அவர் மூச்சு எனக்குத் தெளிவாகக் கேட்டது. சீட்டி இல்லாத, நோய் நொடி இல்லாத ஒரு மனிதனின் மூச்சு. படியைக் கீழே வைத்துவிட்டு மாடிக்குப் போனார். சாப்பிடக் கூப்பிட்டபோது ‘வேண்டாம்’ என்று ஆங்கிலத்தில் பதில் வந்தது.

காலையில் ஆபீசர்கள் வந்தார்கள். டெல்லிக்காரர்கள் இருவர், உள்ளூர் ஸ்டேஷனிலிருந்து ஒரு போலீஸ்காரர். வக்கீலும் முன்கூட்டியே வந்துவிட்டார். என்னைக் கூடத்தில் உட்கார வைத்துக் கேட்டார்கள். இங்கே பிறந்த அந்தக் குழந்தை இவர்தானா? ஆமாம் என்றேன். உங்கள் அம்மா வளர்த்த பையனா? ஆமாம். இப்போது உங்கள் குடும்பத்தில் ஒருவரா?

“இல்லீங்க” என்றேன். “இருந்தாரு. நேத்தோட திருப்பிக் குடுத்தாச்சு.”

போலீஸ்காரர் அதை எப்படி மொழிபெயர்ப்பது என்று தெரியாமல் விழித்தார். வக்கீல் என்னை எரித்துவிடுவதுபோல் பார்த்துவிட்டு, அண்ணன் பக்கம் திரும்பி, “நீங்க பேசுங்க சார். தமிழ்ல பேசுங்க” என்றார்.

அண்ணன் சங்கடத்தோடு புன்னகைத்தார். ஒவ்வொரு எழுத்தாகத் தேடியெடுத்து, சுற்றுலா வந்தவர்கள் கடையில் பேசுகிற மாதிரி சொன்னார். “நான்... தமிழ்... கொஞ்சம்.”

“என்ன சார் இது? போன வாரம் என்கிட்ட ஒரு மணி நேரம் பேசினீங்களே!” என்று கத்தினார் வக்கீல். அதிர்ச்சியில் ஆளுக்கு நாக்கு கட்டிவிட்டது என்று பிறகு எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அப்படியும் இருக்கலாம். கோபத்தில் நடிக்கிறார் என்று கொஞ்ச நேரம் நானும் நினைத்தேன். ஆனால் அவர் மூச்சைக் கேட்டவள் நான்.

டெல்லியில் வழக்கு மாதக்கணக்கில் நடந்தது. பிறந்த மண் ஒரு பக்கம், பாஸ்போர்ட் ஒரு பக்கம் என்று இழுத்துக் கடைசியில் பாஸ்போர்ட் ஜெயித்தது. அனுப்பிவிட்டார்கள் என்று வக்கீல்தான் சொன்னார். அங்கே என்ன தீர்ப்பு ஆனது என்று நான் கேட்கவில்லை. அவர் செய்திருப்பார் என்றுதான் இன்றைக்கும் நம்புகிறேன். நான் சொன்னதில் தப்பில்லை என்றும் நம்புகிறேன்.

ஆனால் அன்றைக்கு வாசலில் ஜீப் கிளம்ப இருந்தபோது எனக்கு அந்த நியாயமெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. அவர் என் முன்னால் வந்து, இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டு, புத்தகத்தில் படித்தவர்போல் “நன்றி” என்றார். அந்த நன்றியில் அம்மா இல்லை. எங்கேயுமே இல்லை. நான் அவளை இரண்டாம் முறையாக, இந்தத் தடவை என் கையாலேயே அனுப்பிவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது.

போலீஸ்காரர் பார்க்கிறாரே என்றெல்லாம் தோன்றவில்லை. அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“அண்ணே, ஏதாச்சும் பேசுங்கண்ணே. என்னையத் திட்டுங்க. எதுனாலும் சரி, ஒரே ஒரு வார்த்த.”

நீலக் கண்கள் என் முகத்தை மரியாதையாகப் பார்த்தன. பிறகு அவர் வக்கீல் பக்கம் திரும்பி, இந்த அம்மாள் என்ன கேட்கிறார் என்று ஆங்கிலத்தில் விசாரித்தார்.